மூணாவது அத்தியாயத்துல வந்த குடை

அம்பகரத்தூர்
9-9-1979

அடி சுண்டு,

நீ அனுப்பின நோட்டு வந்து சேந்துச்சு. குஞ்சிதபாதம் தபாலை நீட்டுறப்பவே, "என்ன பெரியநாயகி அக்கா, கனமா இருக்கு, தங்கச்சி பூந்தோட்டத்துலேருந்து சீர் அனுப்பியிருக்கா?"ன்னான். "ஆமாண்டா, கதை அனுப்பியிருக்கா"ன்னேன். சைக்கிள்ல ஏறுற வரைக்கும் சிரிச்சான்.

'அலைமணி' புஸ்தகத்துலேருந்து நீ கத்தரிச்சு ஒட்டியிருந்த போட்டி விவரத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ரெண்டு பேரு சேந்து ஒரே கதையை எழுதணும். ஆறு அத்தியாயம், மாத்தி மாத்தி. ஒருத்தர் விட்ட கடைசி வரியிலதான் மத்தவங்க தொடங்கணும். போட்டி முடியறவரைக்கும் நேர்ல பாத்துக்கக் கூடாது. தபால்லதான் நோட்டு போய் வரணும், முத்திரை விழுந்த உறையெல்லாம் சேத்துக் கட்டி அனுப்பணும். ரெண்டு பேரும் வேற வேற மாநிலமா இருக்கணும். இது பம்பாய்க்காரங்களுக்கும் டெல்லிக்காரங்களுக்கும் வச்ச சட்டம்டி. பேரளத்துல ஒரு வண்டி மாறினா உன் வாசல்ல நிப்பேன். ஆனாலும் நான் பாண்டிச்சேரி, நீ தமிழ்நாடு. அவங்க சட்டத்துக்கு நாம சரியாத்தான் இருக்கோம்.

அஞ்சாங்கிளாஸ் படிச்சவ கதை எழுதறதான்னு எனக்கே சிரிப்பா இருக்கு. உன் அத்தானோட பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வந்தப்ப, "அக்கா, நீ மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும், நான் ஒரு வழி சொல்றேன்"னு சொன்னியே, அது இதுதான்னு அப்ப தெரியல. மூணு வருஷம் மூஞ்சி காட்டாம இருந்தவ வந்து கட்டிப் புடிச்சு அழுததுல பழசெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு நானும் விட்டுட்டேன். அதனாலதான் எழுதறேன்.

உன் அத்தியாயத்துல மேகலான்னு ஒருத்தி ஜன்னலண்டை உக்காந்திருக்கா, தூரத்துல வண்டி வந்து நிக்கிது, அவ்வளவுதானே. நான் அந்த வண்டியிலேருந்து ஒரு ஆளை இறக்கி விட்டிருக்கேன். வீட்டுல ஒரு ஊரு பேரைச் சொல்லிட்டு வேற ஊருக்கு வண்டி ஏறினவன். எதுக்கு வந்தான்னு எனக்கே தெரியல. நீ பாத்துக்க.

எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான் சுண்டு அப்படிப் போனது. சனிக்கிழமை, திருநள்ளாறு போயி எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு உன் அத்தான். திருநள்ளாறு கிழக்கால. பொணமா எடுத்தது மேற்கால, பேரளம் ஸ்டேஷன் பெஞ்சில. மாரடைப்புன்னாங்க. அங்க அவருக்கு என்ன வேலை? பேரளத்துக்கு அடுத்த ஸ்டேஷன்ல நீ இருக்கே. உன் காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?

உன் அக்கா
பெரியநாயகி


பூந்தோட்டம்
16-9-1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். நீ எழுதினது மாதிரியே இல்லை, எதிரில் உட்கார்ந்து பேசின மாதிரி இருக்கிறது. "அவன் இறங்கினான், செருப்பைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். பத்திரிகையில் பத்து வருஷமாகத் தொடர்கதை படிக்கிற எனக்கு இப்படி ஒரு வரி வரவில்லை பார்.

மூன்றாவது அத்தியாயத்தை எழுதி நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இவருக்கு இன்னும் போட்டி விஷயம் தெரியாது. ரேஷன் கடையிலிருந்து வந்ததும் "என்ன செல்லம், எந்நேரமும் பேனாவும் கையுமா இருக்கே, கணக்குப்பிள்ளை வேலைக்குப் போறியா?" என்று கேட்டார். "ஆமாம், உங்க கடையில சீனி எங்க போகுதுன்னு எழுதறேன்" என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

முதல் பரிசு தையல் மிஷின். கிடைத்தால் ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி இல்லை, அதற்கடுத்த மாதம், நவம்பர் பதினைந்துக்குள் ஆறு அத்தியாயமும் போய்ச் சேர வேண்டும். அதனால் நாள் கடத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நடவு வேலைக்கு ஆள் கிடைத்ததா? நீயே சேற்றில் இறங்காதே.

உன் தங்கை
செல்லம்


அம்பகரத்தூர்
24-9-1979

சுண்டு,

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. நடவு, தையல் மிஷின், ரேஷன் கடைச் சீனி எல்லாம் எழுதியிருக்கே. பேரளத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. சரி, நீ மறந்திருப்பேன்னு நோட்டைப் பிரிச்சேன்.

உன் அத்தியாயத்தை இங்க அப்படியே எழுதறேன். நீ எழுதினது உனக்கு மறந்து போயிருந்தா படிச்சுக்க.

"வெயில் தெருவில் தண்ணீர் போல நெளிந்தது. வந்தவர் கையில் பழைய குடை. ஒடிந்த கம்பியைப் பச்சைக் கரைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். இன்னொரு கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு பாட்டில். மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, அவர் கதவைத் தட்டினார்."

அந்தப் பச்சைக் கரை என் புடவையோடது. அவரு செத்த அன்னிக்குக் காலம்பற கிழிச்சுக் கட்டினேன். நான் உக்காந்து கட்டுறேன், அவரு வாசல்ல நின்னுக்கிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்டி, சனீஸ்வரன் கோவிச்சுக்கப் போறாரு"ங்கிறாரு. அந்தக் குடை அதுக்கு முந்தின நாள்தான் மாட்டுக்கொட்டாய் மூங்கில்ல மாட்டி ஒடிஞ்சுது. நீ இந்த வீட்டு வாசப்படி மிதிச்சு மூணு வருஷம் ஆயிருந்துச்சு அப்ப.

காரியத்துக்கு வந்தப்ப நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். சொல்லல. அந்தக் குடை ஞாபகமே எனக்கு அப்ப இல்ல. உன் நோட்டைப் படிச்சப்பறம்தான், ஆமாம், குடை எங்க போச்சுன்னு நினைச்சேன். அது வீட்டுக்கு வரல சுண்டு. அவரோட வரல.

அந்தப் பாட்டிலு. காரியம் முடிஞ்சு பந்தி போடறப்ப நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தேன், ஒரு சாண் இறங்கியிருந்துச்சு. வந்தவங்க போனவங்க யாராச்சும் எடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். நார்த்தங்காய்னா இந்த உலகத்துல யாரு சட்டியை வழிச்சுத் தின்பா? எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். சின்ன வயசுல அடி வாங்கினது அதுக்குத்தானே நீ.

எண்ணெய்க் குளியலுக்குன்னு போனவரு எண்ணெய்க் கிண்ணம் எடுத்துக்கல. "அங்க வாங்கிக்கிறேன்"னாரு. எனக்கு அப்ப தோணல.

நான் மேல எழுத வரல. எழுதி எழுதி அடிச்சுட்டேன், நீயே பாரு, நாலு வரி மை பூசியிருக்கேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்காதே.

நாலாவது அத்தியாயம் எழுதல. நோட்டு எங்கிட்டயே இருக்கு.

பெரியநாயகி


பூந்தோட்டம்
29-9-1979

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கதை எழுதினால் இப்படிக் குற்றப் பத்திரிகை வரும் என்று தெரிந்திருந்தால் போட்டியைப் பற்றியே பேசியிருக்க மாட்டேன்.

இந்த ஊரில் பத்து ஆண்களில் எட்டுப் பேர் குடையைத் துணியால் கட்டித்தான் பிடிக்கிறார்கள். பச்சைக் கரை இல்லாத புடவை யார் வீட்டில் இருக்கிறது? எழுதும்போது மனசில் எது வருகிறதோ அதை எழுதுகிறோம். அத்தானை நினைத்து எழுதியிருக்கலாம். நீயும்தான் ஊர் மாறிப் போனவனைப் பற்றி எழுதினாய், நான் ஏதாவது கேட்டேனா?

நீயேதான் சொல்லியிருப்பாய். அன்றைக்கு நீ இருந்த நிலையில் என்ன சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்க நியாயமில்லை.

அந்த நான்கு வரியை நான் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது. உன் வாயால் நான் கேட்காத பேச்சா? அம்மா செத்ததற்கு வராதவள் என்று நடுத்தெருவில் வைத்துச் சொன்னாயே, அதைவிடவா?

நோட்டை அனுப்ப இஷ்டமில்லை என்றால் அடுப்பில் போடு.

செல்லம்


அம்பகரத்தூர்
8-10-1979

செல்லத்துக்கு,

அடுப்புல போடல. வேற ஒண்ணு செஞ்சேன்.

பேரளம் ஸ்டேஷன்ல அவரு மேல இருந்ததையெல்லாம் ஒரு செய்தித்தாள்ல சுருட்டிக் கொடுத்தாங்க. சட்டை, மேல்துண்டு, பொடி டப்பா. அஞ்சு மாசமா அதைப் பிரிக்கல. அலமாரியில மேல்தட்டுல வச்சுட்டுக் கீழ்த்தட்டோட நிறுத்திக்குவேன். உன் கடுதாசி வந்த மறுநாள் முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். சட்டையில அவரு வாசனை கொஞ்சம் இருந்துச்சு. பொடி வாசனைதான் ஜாஸ்தி.

சட்டைப் பையில ரயில் டிக்கெட் ஒண்ணு இருந்துச்சு. கெட்டி அட்டை. அந்த நுணுக்கு எழுத்து எனக்குப் புடிபடல. குஞ்சிதபாதம் வந்தான், காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். என் மூஞ்சியைப் பாக்காம படிச்சான்.

பூந்தோட்டத்துலேருந்து அம்பகரத்தூர். மே மாசம் பன்னெண்டு.

"அக்கா, அண்ணன் தங்கச்சி வீட்டுக்குத்தான் போயிருக்காரு போல"ன்னான். "ஆமாம் தம்பி, எனக்குத் தெரியும்"னேன். பொய் சொன்னேன். அவன் போன அப்பறம் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், சாணி அள்ளினேன், உலை வச்சேன். சோறு எடுக்கல.

இப்ப நீ சொல்லு. உன் ஊருக்கு வந்திருக்காரு. எங்கிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்காரு. உனக்குப் புடிச்ச ஊறுகாயை எனக்குத் தெரியாம எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. நீ அவரைப் பாத்திருக்கே, குடை முதக்கொண்டு பாத்திருக்கே. அப்பறம் பதினாறாம் நாள் வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "ஐயோ அக்கா, அத்தான் பேரளத்துக்கு ஏன் போனாரு?"ன்னு நீ அழுதே. நீ கேட்டே அதை. என் காதுல இன்னும் இருக்கு.

நான் என்ன நினைக்கணும்? பதினெட்டு வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணினேன். புள்ளை இல்லன்னு அவங்க வீட்டுல இன்னொருத்தியைக் கட்டச் சொன்னப்ப, "எனக்கு இவ போதும்"னு வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு எழுந்து வந்தவரு. அந்த ஒரு பேச்சை வச்சுக்கிட்டுத்தான் இந்த வீட்டுல தனியா மூச்சு விட்டுட்டு இருக்கேன். அதுவும் பொய்யின்னா அதையும் சொல்லிடு. ஒரேடியா தெரிஞ்சுக்கறேன்.

எனக்குப் போட்டி வேண்டாம், மிஷின் வேண்டாம். கதை விடாம எழுது.

பெரியநாயகி


பூந்தோட்டம்
13-10-1979

அக்கா,

நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்ல. அம்மா மேல சத்தியம். அத்தான் என் வீட்டுக்குள்ள காலே வைக்கல. நான் வைக்க விடல.

அன்னிக்கு இவர் கடைக்குப் போயிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். ஜன்னல்கிட்ட அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். தெருமுனையில அத்தான் வர்றது தெரிஞ்சுது. குடை, மஞ்சள் பை எல்லாம் தெரிஞ்சுது. எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் கதவை ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு அந்த இடுக்குல பார்த்தேன்.

தட்டினார். "செல்லம், நான் காத்தமுத்து வந்திருக்கேன்"னார். மறுபடியும் தட்டினார். எதிர்வீட்டு நீலாயதாட்சி பார்த்துட்டு, "உள்ளதான் இருக்காங்க, நல்லாத் தட்டுங்க"ன்னா. அத்தான், "அசந்து தூங்குது போல, பாவம்"னார். அவ ஒரு சொம்பு தண்ணி கொடுத்தா. குடிச்சுட்டுப் படியில உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருக்கும். எழுந்து கதவுகிட்ட வந்து மெதுவா, "ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேம்மா, திறந்தாப் போதும்"னார். நான் இந்தப் பக்கம் நின்னேன். கதவு கனம்தான் இடையில. அவர் மூச்சு வாங்கறது கேட்டுது.

திறக்கல அக்கா.

அம்மா மூஞ்சியை நான் பார்க்கல. எரிச்சு அஞ்சாம் நாள் எனக்குக் கடுதாசி வருது. ஓடி வந்தா, தந்தி அடிச்சோம், நீதான் வரலேன்னு வாசல்லயே நிறுத்தி வச்சுப் பேசினே. தந்தி எனக்கு வரவே இல்ல. உன் பேச்சுக்கு ஒத்து ஊத அத்தான் வந்திருக்கார், நியாயம் பேச வந்திருக்கார்னு நினைச்சேன். வெயில்ல நிக்கட்டும்னு நினைச்சேன். இதையும் எழுதிடறேன், அப்படித்தான் நினைச்சேன்.

அவர் போனது தெரிஞ்சு கதவைத் திறந்தேன். படியில நார்த்தங்காய் பாட்டில் இருந்துச்சு. ஜன்னல் கம்பியில குடை தொங்குச்சு. எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி போயிடுச்சு. மறுநாள் சேதி வந்துச்சு.

அந்த உச்சி வெயில்ல குடையில்லாம நடந்து போனார். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. பாட்டில் மூடியை இன்னும் திறக்கல. குடை அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கு.

காரியத்துக்கு வந்தப்ப சொல்லணும்னுதான் வந்தேன். உன்னைப் பார்த்ததும் வேற வாய் பேசிடுச்சு. அப்பறம்தான் இந்தப் போட்டியைப் பார்த்தேன். நேர்ல பார்க்க வேண்டாம்னு சட்டம் போட்டிருந்தான், அது எனக்குத் தோதா இருந்துச்சு. கதையில அந்த மனுஷரைக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்தேன். நாலாவது அத்தியாயம் உன்னோடது. நீ திறந்து விடுவேன்னு நினைச்சேன். நீதானே எப்பவும் திறப்பே.

என்னைத் திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

சுண்டு


அம்பகரத்தூர்
4-11-1979

அடி சுண்டு,

மூணு வாரம் நான் எழுதல. நீ போட்ட ரெண்டு கார்டும் வந்துச்சு. தீபாவளி நமக்கு இல்லேன்னாலும் தெருவுல வெடிச்சாங்க, மாடு மிரண்டு கயித்தை அறுத்துக்கிச்சு. அது ஒண்ணுதான் விசேஷம்.

அந்த மை பூசின நாலு வரியில நான் எழுதினது என்னன்னு உனக்குத் தெரியும். அதுக்கு நான் உன் கால்ல விழுந்தாலும் தகும். ஆனா கதவைத் திறக்காததுக்கு உன்னைச் சும்மா விடவும் மனசு வரல. ஒரு நா திட்டுறேன், ஒரு நா உனக்காக அழுவறேன். இன்னிக்கு ரெண்டும் இல்ல. அதான் எழுத உக்காந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேம்மா"ன்னு அவரு சொன்னதா எழுதியிருந்தியே, அது என்னை உக்கார விடல. என்ன விஷயம்? நமக்குள்ள ஒரே ஒரு விஷயம்தான். தந்தி. அது அவரு வாயால கேட்டதுதான் எனக்கு. அம்மா செத்தது பதினஞ்சாந்தேதி ராத்திரி. மறுநா காலம்பறமே அவரு தந்தி அடிக்கத் திருநள்ளாறு போனாரு. வந்து, "அடிச்சாச்சு"ன்னாரு. நான் கேள்வி கேக்கல. கட்டின புருஷனை எதுக்குக் கேள்வி கேக்கணும்? உன்னைத்தான் கேட்டேன்.

முந்தாநா குஞ்சிதபாதத்தை நிறுத்தி வச்சேன். "தம்பி, மூணு வருஷத்துக்கு முந்தி ஆகஸ்ட்டு பதினாறு, உங்க தந்தி ஆபீஸு திறந்திருந்துச்சா?"ன்னேன். அன்னிக்கு நம்ம பக்கம் லீவு. பாண்டிச்சேரி இந்தியாவோட சேந்த நாளு. தாலுகா ஆபீஸு, பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டு.

அவன் சைக்கிள் மணியையே திருகிக்கிட்டு நின்னான். "அக்கா, அது பாண்டிச்சேரி லீவு. எங்களுக்கு டெல்லி லீவுதான். பதினாறாந்தேதி நாங்க வேலை பாத்தோம்"னான்.

"அப்ப தந்தி போச்சா?"

"அண்ணன் இல்லாத நேரத்துல எப்படிச் சொல்றது..."

"சொல்லுடா, நான் பாத்துக்கறேன்."

அவரே பின்னாடி அவங்கிட்ட சொன்னதாம். திருநள்ளாறுல பஸ்ஸை விட்டு இறங்கினாராம். யாரோ, "இன்னிக்கு எல்லா ஆபீஸும் லீவு, தந்தியெல்லாம் நாளைக்குத்தான்"னு சொன்னாங்களாம். தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிப் பாக்காமலே அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாரு. பொணம் கிடக்குது, மூங்கில் வெட்டணும், பறைக்காரங்களுக்குச் சொல்லணும், எல்லாம் அவரு ஒருத்தரு தலையில. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நான் ஓடிப்போயி, "சுண்டுக்கு அடிச்சிட்டீங்களா?"ன்னு கேட்டேன். அடிச்சாச்சுன்னு வாயில வந்துடுச்சு. மறுநா அடிச்சுக்கலாம்னு நினைச்சிருப்பாரு. ஆனா அன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டோம். மூணு நாள் கழிச்சுக் குஞ்சிதபாதத்துக்கிட்ட வந்து, "இப்ப தந்தி அடிச்சா என்னிக்குத் தேதி விழும்?"னு கேட்டாராம். "இன்னிக்குத் தேதிதான் அண்ணே விழும்"னானாம். ஒரு கார்டு வாங்கி உனக்கு எழுதிப் போட்டுட்டு, "வீட்டுல சொல்லிடாதே தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனாராம். அவன் வாக்கைக் காப்பாத்திட்டான். எனக்குத் தபால் கொடுக்குறப்பல்லாம் சிரிச்சுக்கிட்டே காப்பாத்தியிருக்கான்.

ஆக, நீ சொன்னது நிஜம். தந்தி வரல. உன்னை நடுத்தெருவுல வச்சு நான் பேசினப்ப அவரு மாட்டுக்கொட்டாயில நின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்கு இப்ப ஞாபகம் வருது. வெளியிலயே வரல. மாட்டுக்கு வக்கோல் போட்டுட்டு இருக்காருன்னு நினைச்சேன்.

இத்தனை வருஷம் உன்னைச் சந்தேகப்பட்டேன். போன மாசம் உன்னையும் அவரையும் சேத்துச் சந்தேகப்பட்டேன். இப்ப பாத்தா சந்தேகப்பட வேண்டியது அவரு ஒருத்தரைத்தான், அதுவும் நான் நினைச்ச விஷயத்துக்கு இல்ல. அந்த மனுஷன் சட்டையை மடிச்சு மேல்தட்டுலயே வச்சுட்டேன். செய்தித்தாளைச் சுத்தல.

நோட்டை எடுத்து நாலாவது அத்தியாயம் ஆரம்பிச்சேன். "அவர் கதவைத் தட்டினார்"னு உன் வரியைப் பாத்து எழுதினேன். அடுத்து மேகலா கதவைத் திறந்துட்டா. சுலபமாத் திறந்துட்டா, எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. அந்த ஆளு உள்ள வந்தாரு, பையைக் கீழ வச்சாரு, துண்டால மூஞ்சியைத் துடைச்சாரு. மேகலா, "என்ன விஷயம், சொல்லுங்க"ன்னா. அதோட நிக்கிது. ரெண்டு நாளா அந்த ஆளு வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு. பதினஞ்சாந்தேதிக்குள்ள நோட்டு மெட்ராஸ் போகணும், இன்னும் ரெண்டு அத்தியாயம் வேற கிடக்கு. மிஷின் போனா போவட்டும். இது முடியாம எனக்குத் தூக்கம் இல்ல.

குடையைப் பார்சல்ல அனுப்பாதே. ஊறுகாய் மூடியைத் திறந்து தின்னுடு, அது உனக்குத்தான் வந்துச்சு.

பதினெட்டு வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியல, அதனால கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அவரு மூச்சைக் கேட்ட உன்னைக் கேக்கறேன். அவரு எனக்குத் தெரியாமத்தான் வந்தாரு, அது சரி. ஆனா பையில என் ஊறுகாயையும் எடுத்துக்கிட்டுல்ல வந்தாரு. நீ அன்னிக்குத் திறந்திருந்தா, "தந்தி நான் அடிக்கலம்மா"ன்னு சொல்லியிருப்பாரா, இல்ல, "அக்காதான் உனக்கு நார்த்தங்காய் கொடுத்தனுப்பினா"ன்னு இன்னொரு பொய்யைச் சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே திரும்பியிருப்பாராடி?